பெற்றோரின் போதைப் பழக்கம்: வீட்டில் வளரும் குழந்தைக்கு என்ன உதவி?

புதுதில்லி: தந்தையோ தாயோ மதுவுக்கு அல்லது போதைப்பொருளுக்கு அடிமையாகும்போது, உதவி தேவைப்படுபவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அதே வீட்டில் வளரும் குழந்தைக்கும் தனியே உதவி தேவை. பெற்றோர் குணமடைந்தால் குழந்தையும் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது என்பதை நாட்டின் புள்ளிவிவரங்களே உணர்த்துகின்றன.

38 பேரில் ஒருவருக்கே சிகிச்சை

மத்திய சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளியானது. 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடி பேர் மது அருந்துவதாக அது தெரிவித்தது. அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோர் மதுவால் ஏற்பட்ட பாதிப்புக்கு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். அபின், ஹெராயின் முதலியவற்றின் பயன்பாட்டால் உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். மற்ற 37 பேரின் வீடுகளிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றால், அவர்களுக்கான உதவி பெற்றோரின் சிகிச்சையைச் சார்ந்திருக்கக் கூடாது.

குழந்தையிடம் தெரியும் அறிகுறிகள்

இத்தகைய வீடுகளில் குழந்தையை மிகவும் வாட்டுவது நிச்சயமின்மை. ஒரு நாள் கொஞ்சலும் மறுநாள் அடியும் கிடைக்கும்போது, வாசலில் கேட்கும் காலடியோசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணிக்கக் குழந்தை பழகிக்கொள்கிறது. தம்பி, தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்வது எனப் பெரியவர்களின் சுமை அதன் தோளில் ஏறுகிறது.

உறக்கமின்மை, அடிக்கடி வரும் வயிற்றுவலி, பள்ளிக்கு வராமை, நண்பர்களை வீட்டுக்கு அழைக்கத் தயங்குதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். சில பிள்ளைகள் முரட்டுத்தனம் காட்டுவர். சிலரோ நன்றாகப் படித்து, யாருக்கும் தொல்லை தராமல் இருப்பதாலேயே எவர் கவனத்துக்கும் வராமல் போவதுண்டு.

குழந்தைப்பருவத் துயர அனுபவங்கள் குறித்து அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஆய்வு, வீட்டில் ஒருவர் போதைப் பழக்கத்துடன் இருப்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கணக்கில் கொண்டது. இத்தகைய அனுபவங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, மது அடிமைநிலை, இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பும் அதிகரிப்பதாக அது கண்டறிந்தது.

பிள்ளைக்கும் வந்துவிடுமா?

மது அடிமைநிலை உருவாவதில் மரபணுக்களுக்கு ஏறத்தாழ பாதிப் பங்கு உண்டு என இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே இப்பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். எனினும் அது விதியன்று. எஞ்சிய பங்கு வளரும் சூழலைச் சார்ந்தது. பாட்டி, அத்தை, ஆசிரியர் என நம்பகமான பெரியவர் ஒருவரேனும் தொடர்ந்து துணை நிற்பது குழந்தைக்குப் பெரும் பாதுகாப்பு.

குழந்தை அறிய வேண்டியவை

போதை அடிமைநிலையை உலக சுகாதார அமைப்பு நோயாக வகைப்படுத்தியுள்ளது. மது, போதைப்பொருளால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது.

குழந்தைக்கு இந்த உண்மை மிகவும் முக்கியம். தன் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தைத் தந்தை மறுநாளே மீறும்போது, தன்மீது அவருக்கு அன்பில்லை என்றே குழந்தை எண்ணும். 'நான் நன்றாகப் படித்தால் அப்பா குடிக்கமாட்டார்' என்று பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். இந்த நோயைக் குழந்தை உண்டாக்கவில்லை. குழந்தையால் அதைக் கட்டுப்படுத்தவும் இயலாது என்பதைப் பெரியவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் போன்ற உயிருக்கு ஆபத்தான விளைவுகள் நேரலாம். ஆகவே பாட்டிலை ஒளித்துவைத்துக் குடியை நிறுத்தும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. அது மருத்துவரின் கண்காணிப்பில் நடைபெற வேண்டியது.

உதவி எண்களும் சட்டமும்

குழந்தைகள் உதவி எண் 1098. இதில் குழந்தையே நேரடியாகப் பேசலாம். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். மூன்றும் கட்டணமற்றவை. வீட்டில் வன்முறை நிகழும்போது அவசர உதவிக்கு 112-ஐ அழைக்கலாம்.

பெற்றோர் பராமரிக்க இயலாத நிலையில் இருந்தால், சிறார் நீதிச் சட்டம், 2015-இன்படி அக்குழந்தை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதப்படலாம். இதனை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். 'சொன்னால் அம்மாவிடமிருந்து பிரித்துவிடுவார்கள்' என்ற அச்சத்தால் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஆனால் காப்பகத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. மதுவை விற்கவோ எடுத்துச் செல்லவோ குழந்தையைப் பயன்படுத்துவது 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

குழந்தை ஒருமுறை மனம் திறந்தால், பெற்றோரைப் பழிக்காமலும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கடியாமலும் கேட்பதே முதல் உதவி. பெற்றோர் இன்னும் சிகிச்சைக்கு இணங்காத வீட்டிலும், குழந்தைக்கான இந்த உதவியை இன்றே தொடங்க முடியும்.