திருப்பதிக் காடும் தாயின் பாடமும்: லட்சுமிபாய் டோங்ரேயின் வீட்டுக் கல்வி

1874ஆம் ஆண்டில் ஓர் இரவு, வேங்கடமலை மேல் தங்கியிருந்த மராத்தி அந்தணக் குடும்பம் ஒன்று வீட்டை விட்டு வெளியேறிக் காட்டுக்குள் புகுந்தது. கையிலிருந்த அரிசி முற்றும் தீர்ந்துவிட்டது. தம் இனத்தார் கண்முன் வறுமையின் இழிவைச் சுமப்பதைவிடக் காட்டில் இறப்பதே மேல் என்று அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தனர். 11 நாள்கள் நீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமே அவர்களுக்கு உணவாயின. முதியவரான அனந்த சாஸ்திரி டோங்ரே, அவருடைய மனைவி லட்சுமிபாய், அவர்களின் மக்கள் ஆகியோரே அக்குடும்பத்தினர். இளைய மகளுக்கு அப்போது வயது 16. அவரே பின்னாளில் பண்டித ரமாபாய் என அறியப்பட்டவர்.

திருப்பதி அந்நாளில் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது; மாவட்டத் தலைமையிடம் சித்தூர். (தனிச் சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது.) இக்காட்டு நிகழ்ச்சி, சீர்திருத்தவாதி ஒருவரின் இளமைத் துயரமாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் பெண்கல்வி வரலாற்றில் அதற்கு வேறோர் இடமும் உண்டு. தன் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்த வைதிகத் தாய் ஒருவரின் கல்வித்திட்டம் எதைக் கொடுத்தது, எதை மறுத்தது என்பதை அந்தக் காடு ஒருசேரக் காட்டுகிறது.

அனந்த சாஸ்திரி, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மனைவிக்கு வடமொழி கற்பிக்கப்பட்டதை மாணவப் பருவத்தில் கண்டவர். தம் மனைவிக்கும் கற்பிக்க அவர் விரும்பினார். குடும்பத்து மூத்தவர்கள் முதல் மனைவியின் காலத்தில் அதற்கு இடம் தரவில்லை. அவர் இறந்தபின், நாற்பதைக் கடந்திருந்த சாஸ்திரி 9 வயதுச் சிறுமியான லட்சுமிபாயை மணந்து வடமொழி கற்பித்தார். எதிர்ப்பு மீண்டும் எழவே, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்கமூலா என்னும் காட்டுப் பகுதியில் குடியேறினார். 1858 ஏப்ரல் 23 அன்று ரமாபாய் பிறந்தது அங்கேதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் தல யாத்திரை புறப்பட்டது. பிரம்புக் கூடையில் வைத்துக் குழந்தையைச் சுமந்து சென்றனர். அதன்பின் அவர்களுக்கு நிலையான இல்லமே இல்லை. தலந்தோறும் சில மாதங்கள் தங்கி, புண்ணிய நீராடி, கோயில்களில் புராணம் படித்து, கேட்போர் தரும் காணிக்கையில் வாழ்ந்தனர்.

ரமாபாய்க்கு எழுத்தறியும் வயது வந்தபோது தந்தை மூப்படைந்திருந்தார். ஆகவே, ஏறத்தாழ 8 வயது முதல் 15 வயது வரை தாயே ஆசிரியர். பகலெல்லாம் வீட்டுப் பணி இருந்ததால், பாடத்துக்குக் கிடைத்த நேரம் விடியற்காலை. தூக்கம் கலையாத மகளைக் கொஞ்சி எழுப்பி, தாய் சொல்ல மகள் திருப்பிச் சொல்லுவாள். ஏடு இல்லை, தாயின் வாயே பாடநூல். பாகவதம், வடமொழி இலக்கணம், நிகண்டு ஆகியவை இவ்வாறே மனப்பாடமாயின. பிறர் துணையின்றித் தானே மேலும் கற்கும் அளவுக்குத் தாய் தன் மனத்தைப் பழக்கினார் என்று ரமாபாய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இக்கல்வியைச் சீர்திருத்தம் என்று மட்டும் அழைப்பது பிழையாகும். பெண்கள் புராண இதிகாசங்களைக் கற்கலாம், வேதம் கற்கலாகாது என்பதே அக்குடும்பத்தின் வரம்பு. உலகியல் கல்வியும் ஆங்கிலமும் விலக்கப்பட்டவை. புறவுலகின் தொடர்பு பிள்ளைகளின் சமயப் பற்றைக் குலைக்கும் எனப் பெற்றோர் அஞ்சினர். ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் அவர்கள் மீறினர்: மூத்த மகளின் பால்ய விவாகம் துன்பத்தில் முடிந்ததால், இளையவளுக்குச் சிறுவயதில் மணம் செய்யவில்லை. ஏனையவற்றில் அவ்வீட்டுப் பாடம் பழைய ஒழுங்கைக் காப்பதற்கான வேலியாகவே இருந்தது.

வறட்சிக் காலத்தில் அந்த வேலியின் விலை தெரிந்தது. வழிபாட்டுக்கும் தானத்துக்கும் பணம் செலவாயிற்று; நகைகளும் பாத்திரங்களும் விற்கப்பட்டன. சாத்திரம் தவிர வேறு தொழில் எவரும் அறியார். கூலி வேலையைச் சாதிப் பெருமிதம் தடுத்தது. சாதிப் பெருமையைக் கைவிட்டு உழைத்துப் பெற்றோரைக் காப்பேன் என மகன் துணிந்தபோது காலம் கடந்துவிட்டது. சில நாள்களில் தந்தை இறந்தார்; சில வாரங்களில் தாயும், பின்னர் மூத்த மகளும் இறந்தனர். மரணப் படுக்கையிலிருந்த தாய்க்காக அண்டை வீட்டில் ஒரு ரொட்டித் துண்டு கேட்கச் சென்ற ரமாபாய்க்கு வாய் திறந்து கேட்க இயலவில்லை. பதினெண்ணாயிரம் சுலோகங்கள் கொண்ட பாகவதத்தை ஓதிய நா அது.

எனினும் அதே கல்விதான் அவரை வாழவைத்தது. 1878இல் தமையனுடன் கல்கத்தா சென்றபோது, அங்கிருந்த பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ எனப் பட்டம் அளித்தனர். கேசவ சந்திர சென் வேதம் படித்ததுண்டா என வினவியபோது, பெண்ணுக்கு அது தகாது என்றே அவர் விடையளித்தார். தாய் இட்ட வேலி 20 வயதிலும் நின்றது. ஆனால் தானே கற்கும் பழக்கமும் தாய் தந்ததே. அதைக் கொண்டு தர்மசாத்திரங்களை ஆராய்ந்த அவர், அவை பெண்களைப் பற்றிக் கூறுவதைக் கண்டு மனம் மாறினார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என வாதிட்டார். 1883இல் இங்கிலாந்தில் கிறித்தவம் தழுவினார். 1889இல் சாரதா சதனை நிறுவினார். பின்னர் கேட்காவ் முக்தி இல்லத்தில் எழுத்தறிவோடு அச்சு, நெசவு போன்ற கைத்தொழில்களையும் கற்பித்தார். திருப்பதிக் காட்டில் இல்லாதிருந்த பாடம் இதுவே எனக் கொள்ள இடமுண்டு.

சான்றுகளைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. காட்டு நினைவுகளை ரமாபாய் எழுதியது மதம் மாறியபின், 1897இல், பஞ்சத்தில் வாடிய சிறுமிகளை மீட்டுக்கொண்டிருந்த காலத்தில். பெற்றோரின் வழிபாட்டைப் பற்றிய தீர்ப்பில் அந்தப் பிற்கால நோக்கு கலந்துள்ளது. லட்சுமிபாய் தம் கையால் எழுதிய எதுவும் நம்மிடம் இல்லை. மகளின் சொற்களுக்குள் மட்டுமே அவர் வாழ்கிறார். ஆயினும் 1887இல், உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைக் கண்டித்து எழுதிய நூலை ரமாபாய் தம் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். பழைமையைக் காக்கக் கற்பித்தவருக்கே, பழைமையை எதிர்த்த நூல் உரித்தாயிற்று. வீட்டுக் கல்வியை விடுதலை என்றோ அடைப்பு என்றோ ஒரே சொல்லில் வகைப்படுத்த முனையும் ஆய்வு, முதலில் விளக்க வேண்டியது இந்தக் காணிக்கையைத்தான்.