பல் மருத்துவர் அறையில் வேலைக்கு நின்ற பிள்ளைகள்

வாஷிங்டன் நகரில் ஹென்றி பிளிஸ் நோபிள் என்ற வெள்ளையர் பல் மருத்துவம் பார்த்துவந்தார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் ராபர்ட் டானர் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞர். 1846இல் பிறந்தவர், அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெற்றோரின் பிள்ளை. தொழில் அவர் கையில் படிவதைக் கண்ட நோபிள், கல்லூரிக்குப் போய் முறையாகப் படிக்கத் தூண்டினார். இரண்டு கல்லூரிகள் நிறத்தைக் காரணம் காட்டிக் கதவை மூடின. மூன்றாவதாகத் தட்டியது ஹார்வர்ட். 1867இல்தான் அங்கே பல் மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. முதல்வர் நேதன் கூலி கீப் அவருக்காகப் பேசினார். 1869இல் வெளிவந்த முதல் அணியில் ஆறு பேர். அவர்களில் ஒருவர் ஃப்ரீமன். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

அடுத்த ஆண்டு அதே பள்ளியில் பட்டம் வாங்கியவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட். நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ ஊரில் பல் மருத்துவர் ஒருவரிடம் எடுபிடிப் பையனாக இருந்தவர். ஆய்வுக்கூட வேலையைக் கற்றுக்கொண்டு பாஸ்டனுக்கு வந்து, ஹார்வர்டில் படித்து, 1871இல் அங்கேயே ஆசிரியரானார். ஹார்வர்டின் முதல் கறுப்பின ஆசிரியர் அவர். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர்கள் பேசவும் விழுங்கவும் உதவும் செயற்கை அண்ணம் செய்வதில் பெயர் பெற்றார். கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சிறிய மரக்குச்சிக்கு 1899இல் காப்புரிமை வாங்கியவரும் அவரே. விளையாட்டுப் பிரியர்கள் அவரை அந்தக் குச்சிக்காக நினைக்கிறார்கள். நாம் அந்த அண்ணத்துக்காக நினைக்க வேண்டும்.

மூன்றாவது, ஐடா கிரே. தாயை இழந்து, சின்சினாட்டியில் சித்தியிடம் வளர்ந்த பெண். பள்ளியில் படிக்கும்போதே ஜோனதன் டாஃப்ட் என்பவரின் பல் மருத்துவ அறையில் வேலை செய்தார். டாஃப்ட் மிச்சிகன் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவர். பெண்கள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்று வாதாடியவர். 1890இல் அந்தக் கல்லூரியிலேயே பட்டம் பெற்று, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் பல் மருத்துவரானார் ஐடா. பின்னாளில் சிகாகோவில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஆலிவ் ஹெண்டர்சன் அவரைப் பார்த்தே பல் மருத்துவம் படித்தார்.

கறுப்பினத்தவருக்குப் பல் மருத்துவக் கதவைத் திறந்த நிறுவனங்களின் வரலாறு என்றால் அடிக்கல் நாட்டிய நாளில் தொடங்குவதுதான் விழா மலர்களின் வழக்கம். நான் இந்த மூவரிடமிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மூவருமே விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் அல்லர். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். வாயைத் திறந்து காட்டப் பயப்படும் நோயாளியையும் சொத்தையைச் சுரண்டும் கையின் நிதானத்தையும் மெழுகு பல்லாக உருவெடுப்பதையும் அன்றாடம் கண்டவர்கள். அந்த வேலையைத் தானும் செய்யலாம் என்ற துணிச்சல் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் நோபிள், டாஃப்ட் போன்ற மனிதர்கள் அகப்படுவது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் வாய்க்காத பிள்ளைகளுக்கு அந்த அறையை நிரந்தரமாகத் திறந்து வைத்தவை இரண்டு கல்லூரிகள்.

முதலாவது, ஃப்ரீமனின் ஊரிலேயே இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம். உள்நாட்டுப் போர் முடிந்து 1867இல் தொடங்கிய அது, 1881இல் தன் மருத்துவத் துறைக்குள் பல் மருத்துவப் பிரிவைச் சேர்த்தது. அந்த மருத்துவத் துறையின் ஆரம்ப ஆண்டுகளில் வகுப்புகள் மாலையில் நடந்தன. பகலில் அரசு அலுவலகங்களில் பிழைப்பு, அந்தி சாய்ந்தபின் பாடம் என்று படித்தவர்கள் பலர். நேரத்தை மாணவனின் வயிற்றுப்பாட்டுக்கு ஏற்ப வளைத்துக் கொடுத்ததே ஒரு பெரிய ஊக்கம். ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வரச்சொல்லி அழைப்பது எளிது; அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கதவைத் திறந்து வைப்பது கடினம்.

இரண்டாவது, நாஷ்வில் நகரின் மெஹாரி. அதன் பின்னே வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. உப்பு ஏற்றிச் சென்ற சாமுவேல் மெஹாரி என்ற வெள்ளை இளைஞனின் வண்டி இரவில் சேற்றில் சிக்கியது. விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று சோறும் இடமும் கொடுத்து, காலையில் வண்டியைத் தூக்கிவிட்டது. என்னிடம் இப்போது பணமில்லை, முடிந்தபோது உங்கள் மக்களுக்குச் செய்வேன் என்றானாம். அவனும் சகோதரர்களும் பின்னர் கொடுத்த கொடையால் 1876இல் மருத்துவக் கல்வியும், 1886இல் பல் மருத்துவமும் அங்கே தொடங்கின. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கறுப்பினப் பல் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில் படித்தவர்களே.

பட்டம் வாங்கியபின்னும் புறக்கணிப்பு விடவில்லை. பல மாநிலங்களின் பல் மருத்துவச் சங்கங்கள் அவர்களை உறுப்பினராக்கவில்லை. எனவே தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். இன்றைய தேசியப் பல் மருத்துவச் சங்கத்தின் தொடக்கம் 1913. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அந்தப் பழைய தவறுக்கு 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது.

ஹோவர்டின் வரலாற்றில் என்னை அதிகம் நெகிழவைப்பவர் ஜீன் சிங்க்ஃபோர்ட். 1958இல் அங்கே பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகி, 1975இல் கல்லூரித் தலைவரானார். அமெரிக்காவில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கும் அதற்கு முன் ஒரு பெண் தலைவராக இருந்ததில்லை. வெள்ளையர் கல்லூரிகள் நூறாண்டாகச் செய்யாததை அடிமைகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி செய்து காட்டியது. பிற்காலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கத்திலும் சிறுபான்மை மாணவர்களையும் பெண்களையும் கொண்டுவரும் பணியிலேயே அவர் உழைத்தார். பூர்வகுடி மக்களிடையே இதே பணியைச் செய்தவர் ஜார்ஜ் புளூ ஸ்புரூஸ். 1956இல் பட்டம் பெற்று அமெரிக்காவின் முதல் பூர்வகுடிப் பல் மருத்துவரானார். 1990இல் பூர்வகுடிப் பல் மருத்துவர்களுக்கென்று சங்கம் தொடங்கினார்.

ஆஸ்வீகோவில் எடுபிடிப் பையனாக நின்ற கிராண்டுக்குக் கிடைத்தது, ஒன்றேகால் நூற்றாண்டு கழித்துத் திட்டமாக மாறியது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் கோடைக்கால மருத்துவ முகாம் 1980களின் இறுதியில் தொடங்கி, 2000களின் நடுவில் பல் மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆறு வாரம், தங்குமிடம், சாப்பாடு, செலவுக்குப் பணம். கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த வயதில்தான் வேதியியலில் ஒருமுறை தடுக்கி விழுந்த பிள்ளை, இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடும். அங்கே அவர்களுக்குப் பாடத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், மருத்துவர்களின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவைத்தார்கள். 2001இல் தொடங்கிய, அதே அறக்கட்டளையும் துணை நின்ற வேறொரு திட்டத்தில் 15 கல்லூரிகள் சேர்ந்தன. மாணவர்களை ஏழை மக்களின் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பின. சேர்க்கையில் மதிப்பெண்ணோடு மாணவரின் வாழ்க்கையையும் பார்க்கத் தொடங்கின.

தூரம் இன்னும் மிச்சமிருக்கிறது. மக்கள்தொகையில் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கறுப்பினத்தவர், 2020 கணக்குப்படி பல் மருத்துவர்களில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்போது மக்கள்தொகையில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த ஹிஸ்பானியர் ஏறத்தாழ 6 சதவீதம்தான். கடன் வாங்கிப் படிப்பவர் வெளியே வரும்போது தலைமேல் சராசரியாக 3 லட்சம் டாலர் சுமை நிற்கிறது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்துவிட்டது. எனவே வேலை இனி விண்ணப்பத்துக்கு முன்பே, பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கியாக வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 2007இல், ஹோவர்டுக்குப் பக்கத்து மேரிலாந்தில், 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான். சொத்தைப் பல்லில் கட்டிய சீழ் மூளைக்குப் பரவியது. அந்தப் பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக்கூடிய செலவு 80 டாலர். அரசுக் காப்பீட்டை ஏற்றுக்கொண்டு தன் பிள்ளைகளைப் பார்க்கும் பல் மருத்துவர் கிடைக்காமல் அவன் தாய் அலைந்தாள்.

வாஷிங்டனில் கறுப்பினப் பல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று உண்டு. 27 வயதில் மறைந்துபோன ஃப்ரீமனின் பெயரைத் தாங்கியது. அந்தச் சங்கத்து மருத்துவர்கள் அச்சிறுவனின் பெயரால் ஒரு நடமாடும் பல் மருத்துவ வண்டியை உருவாக்கினார்கள். அவன் வாழ்ந்த மாவட்டத்துப் பள்ளிகளின் வாசலில் அது போய் நின்றது. பிள்ளைகள் வகுப்பிலிருந்து இறங்கி வந்து, படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். மேலே குனிந்து பார்த்த முகம் அவர்கள் வீட்டு முகம் போலவே இருந்தது.