புல்வெளியின் பழைய கணக்கு



நம் வளாகப் புல்வெளி பழுப்பாகிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். "பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போடலாம்" என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்கும் முன் இந்த மண்ணின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வங்கியில் பேரேடு எழுதிய பழக்கம், எனக்கு விடவில்லை.

1960களின் பிற்பகுதியில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப்படுகைகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைந்தன. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயத்துக்கும் மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

மழை போட்ட வரவைவிட, நாம் எடுத்த செலவு அதிகம். நன்னீர் மட்டம் இறங்க இறங்க, நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு, 1983இல் இன்னும் பல கி.மீ. உள்ளே எட்டியது. இறைப்பதைக் கட்டுப்படுத்த 1987இல் தனிச் சட்டமே வந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது.

அந்த உப்புதான் நம் புல்லுக்கும் பகை. கோடையில் போர் தண்ணீரைத் தெளித்தால் நீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். மண் ஈரமாக இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. தினமும் தெளிக்கத் தெளிக்க உப்புதான் ஏறும்.

ஆனால் காய்ந்த புல் எல்லாம் செத்த புல் அல்ல. அருகும் கொரியன் புல்லும் வெயிலுக்குப் பழகியவை. இலை கருகினாலும் தரையோடு ஓடும் தண்டு உயிரோடிருக்கும். கணுவைக் கீறிப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போர், லாரி, எஸ்.டி.பி. தண்ணீர் மூன்றுக்கும் டி.டி.எஸ். பார்த்து, உப்பு குறைந்ததை எடுங்கள். கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை மணலி ஆலைகளே பயன்படுத்துகின்றன. நாம் கூச்சப்பட வேண்டாம். தினமும் தெளிக்காமல், வாரம் ஓரிரு முறை அதிகாலையில் ஆழமாக நனையுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். மழை வரும்வரை யூரியா வேண்டாம். சொட்டையான இடங்களில் ஐப்பசி மழையோடு அருகந்தண்டு நட்டால் போதும்.

பேவர் பிளாக் போட்டால் தூசி இருக்காது, நடக்க வசதி. உண்மைதான். ஆனால் உப்பைக் கழுவிக் கீழே இறக்குவதும், நன்னீரை நிலத்தில் சேர்ப்பதும் மழை ஒன்றுதான். அது இறங்கும் இடத்தை மூடிவிட்டால், ஐம்பது வருடக் கடனில் நம் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தவர்களாவோம். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்த்து முடிவெடுப்போமே.