இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பையில் கிடக்கும் கடிதங்கள்: நடுவாண்டில் பெற்றோர் கவனத்துக்கு

கல்வியாண்டு இவ்வாண்டு மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. கோவிட் காலத்துக்குப் பிறகு மார்ச், பிப்ரவரி என நகர்ந்துகொண்டிருந்த பள்ளித் தொடக்கம், 2026-இல் கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஜனவரி 11-ஆம் தேதியும் மற்ற மாநிலங்களில் 12-ஆம் தேதியும் அமைந்தது. ஆகவே ஜூன் மாதம் மறுபடியும் உண்மையான நடுவாண்டு ஆகியிருக்கிறது. முதல் பாதிக்கான அடைவு அறிக்கை, தடுப்பூசி அனுமதிப் பாரம், வருகை பற்றிய எச்சரிக்கை, அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வு குறித்த விளக்கக் கூட்டம் என்று பள்ளிக் கடிதங்கள் வரிசையாக வீட்டுக்கு வரும் காலம் இது. வந்து சேர்ந்தால் நல்லது. படிவம் 1, படிவம் 2 மாணவர்களின் புத்தகப்பையைக் கவிழ்த்துப் பார்த்த பெற்றோருக்குத் தெரியும், அவற்றில் பாதி அடியிலேயே கசங்கிக் கிடக்கும்.

தமிழ்ப்பள்ளியில் இந்தச் சிக்கல் குறைவு. பள்ளி வாசலில் ஆசிரியரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் அவை ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி கிடையாது. புகுமுக வகுப்பிலோ படிவம் 1-இலோ கால் வைத்த நாளிலிருந்து கடிதம் மலாயில் வருகிறது. சந்தையிலும் வேலையிடத்திலும் சரளமாக மலாய் பேசும் பெற்றோர்கூட அலுவல் மலாயில் தடுமாறுவதுண்டு.

கடிதத்தின் தலைப்பில் ‘அமாரான்’ என்றிருந்தால் அது எச்சரிக்கை. ‘கெபெனாரான்’ என்றால் அனுமதி, கையெழுத்துக் கேட்கிறார்கள். ‘தாரிக் துத்துப்’ என்பதற்குப் பக்கத்தில் இருப்பது கடைசி நாள். இந்தச் சொற்கள் கண்ணில் பட்டால் மறுநாளைக்கு என்று வைக்க வேண்டாம். முழுவதும் புரியாவிட்டால் படம் பிடித்துப் புலனத்தில் தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லலாம்தான். ஆனால் தன்மேல் வந்த எச்சரிக்கைக் கடிதத்தை ஒரு பையன் எப்படி மொழிபெயர்ப்பான் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வகுப்பும் 15 பேர் கணக்கும்

இந்தக் கடிதங்களில் ஒன்று மட்டும் பள்ளியிலிருந்து வராது. அதைப் பெற்றோர்தாம் பள்ளிக்கு எழுத வேண்டும்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்கிறது. சீன மொழிக்கும் இதே விதிதான். அரபு, பிரெஞ்சு, ஜப்பானியம் போன்ற மொழிகளுக்கு, நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தால் என்ற நிபந்தனையைச் சட்டம் சேர்க்கிறது. தமிழுக்கு அந்த நிபந்தனை இல்லை. பெற்றோர் கேட்க வேண்டும் என்பதே நிபந்தனை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 15 என்பது பள்ளி முழுவதிலும் உள்ள மாணவர்களின் கணக்கு. படிவம் 1-இல் ஆறு பேர், படிவம் 2-இல் ஐந்து பேர், படிவம் 3-இல் நான்கு பேர் இருந்தாலும் 15 ஆகிவிடும்.

பல பள்ளிகளில் 15-க்கும் அதிகமான தமிழ் மாணவர்கள் இருந்தும் வகுப்பு நடக்காமல் இருப்பதற்கு முதற்காரணம், யாரும் எழுத்தில் கேட்காததுதான். ஆசிரியர் பற்றாக்குறை அதற்குப் பிறகு வரும் பிரச்சினை. கோரிக்கையே இல்லாத பள்ளிக்கு ஆசிரியரை அனுப்பும்படி யாரும் கேட்க முடியாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பள்ளி முதல்வருக்கு எழுதி, ‘பெர்மொஹோனான் கெலாஸ் பஹாசா தமிழ்’ என்று தலைப்பிட்டு, மாணவர் பெயர், படிவம், பெற்றோர் பெயர், கையெழுத்து ஆகியவற்றை ஒரே பட்டியலாக இணைத்தால் போதும். ஒரு நகலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இன்னொன்றை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுங்கள். பள்ளி அலுவலகத்தில் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். பிறகு முதல்வர் மாறினாலும் தாள் பேசும். இதை நவம்பரில் செய்தால் அடுத்த ஆண்டுக் கால அட்டவணைக்குள் நுழைவது கடினம். ஜூன், ஜூலையில் கேட்டால் ஆசிரியர் தேடவும் நேரம் வகுக்கவும் பள்ளிக்கு அவகாசம் இருக்கும்.

வகுப்பு இருக்கும் பள்ளிகளில் வேறு கவலை. தமிழ் பல இடங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது. பள்ளிப் பேருந்தை நம்பியிருக்கும் தோட்டப்புறப் பிள்ளை அதற்குத் தங்கினால் வீடு திரும்ப வண்டி இல்லை. இதனாலேயே ஆண்டின் நடுவில் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரே தடத்தில் வரும் நான்கைந்து குடும்பங்கள் வேனுக்குப் பணத்தைப் பகிர்ந்துகொள்வதும், வகுப்பைப் பேருந்து நேரத்துக்கு முன்னால் நகர்த்த முடியுமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி கேட்பதும் முயன்று பார்க்க வேண்டியவை. பதினாறு பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் விலகினால் மீதி 14 பேரின் வகுப்பும் ஆட்டம் காணும். தமிழை விடுவது ஒரு வீட்டின் தனி முடிவுபோலத் தோன்றினாலும், அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் தமிழையும் தொடுகிறது.

எஸ்.பி.எம்.-இல் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டுமே தேர்வுப் பாடங்கள். 2009-ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். பாடங்களுக்கு 10 என்ற வரம்பு அறிவிக்கப்பட்டபோது, இவ்விரண்டும் முதலில் கைவிடப்படும் என்ற கவலை சமூகத்தில் கிளம்பி, கடைசியில் 12 பாடங்கள் வரை எடுக்க அமைச்சரவை இடம் கொடுத்தது. அன்று போராடிப் பெற்ற இடத்தை நிரப்ப இன்று மாணவர் வேண்டும். பள்ளியில் வகுப்பு இல்லாவிட்டாலும் வெளியே படித்துத் தமிழ்மொழியைப் பதிந்து எழுதலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி கட்டாயம் வேண்டும். படிவம் 1-இல் தமிழை விட்டவருக்கு அந்தக் கதவை மீண்டும் திறப்பது எளிதல்ல.

அறிக்கையில் உள்ள எண்கள்

யுபிஎஸ்ஆர் 2021-லும் பிடி3 2022-லும் எடுக்கப்பட்டன. அதன் பிறகு, எஸ்.பி.எம். வரைக்கும் கவலையில்லை என்ற எண்ணம் சில வீடுகளில் வந்துவிட்டது. ஆபத்தான எண்ணம் அது. தேர்வு போனதால், பிள்ளை பின்தங்குவதைக் காட்டும் பெரிய மணி ஒன்று போய்விட்டது. இப்போது அதைக் காட்டுவது வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கை. ஆண்டின் நடுவிலும் முடிவிலும் வரும்.

அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை தர அடைவு போடப்பட்டிருக்கும். ‘திபி’ என்று மலாயில் குறிப்பார்கள். 3 என்பதே குறைந்தபட்ச அடைவு. 1, 2 என்றால் பிள்ளை இன்னும் அந்த அளவை எட்டவில்லை என்று பொருள். 6 வரை உள்ள அளவில் 2 வாங்கியதைப் பார்த்து, பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் 1, 2 இருந்தால் உடனே பாட ஆசிரியரைப் பாருங்கள். இவ்விரண்டில் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. மலாய்மொழிக்கு நெடுங்காலமாகவும் வரலாற்றுக்கு 2013 முதலும் இதுதான் விதி. மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும் மாறாது.

புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். மலாய்மொழியில் குறைந்தபட்ச அளவை எட்டாத தேசிய வகைப் பள்ளி மாணவர்களுக்கு மொழியைச் சரிசெய்யக் கிடைக்கும் கூடுதல் ஆண்டு அது. அந்த ஆண்டைத் தண்டனையாக வீட்டில் பேசிப் பேசியே பிள்ளையைச் சோர வைத்துவிடுகிறோம். கூடப் படித்தவன் படிவம் 1-இல் இருக்கிறான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்வதால் மலாய் வளராது. தினமும் ஒரு பக்கம் மலாய் வாசித்து, அதில் தெரியாத ஐந்து சொற்களை எழுதி வைத்தால் வளரும். இந்த வகுப்பில் படித்தவர்கள் எஸ்.பி.எம்.-ஐ ஓராண்டு தாமதமாக எழுதுகிறார்கள், அவ்வளவுதான். பாதியிலேயே பள்ளியை விட்டுவிடுவதுதான் உண்மையான இழப்பு.

வருகை

அந்த விடுபடல் பெரும்பாலும் வருகைப் பதிவில் தொடங்குகிறது. தொடர்ந்து மூன்று நாள், அல்லது விட்டுவிட்டுப் பத்து நாள் காரணமின்றி வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதை மதிக்காமல் விட்டால் அடுத்தடுத்த கடிதங்கள் வந்து, பள்ளியிலிருந்து நீக்கம் வரை போகும். மருத்துவச் சான்றிதழை வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்தால் அந்த நாள்கள் கணக்கில் வராது. சொந்த ஊர்த் திருவிழாவோ உறவினர் துக்கமோ என்றால் முன்கூட்டியோ மறுநாளோ கடிதம் கொடுங்கள். படிவம் 1, 2 பல பள்ளிகளில் பிற்பகல் பிரிவில் நடக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளை நண்பகலில் கிளம்பியதா என்று பார்க்க முடிவதில்லை. வாரம் ஒருமுறையாவது வகுப்பாசிரியரிடம் விசாரிப்பது, எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு பதறுவதைவிட மேல். தொடக்கக் கல்வி 2003 முதல் நாட்டில் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் நிறைவேற்றியது.

அடையாள அட்டை

பிள்ளைக்கு 12 வயதானதும் மைகாட் எடுக்க வேண்டும். படிவம் 1-இல் இருந்தும் மைகிட் அட்டையையே வைத்திருக்கும் பிள்ளை என்றால் தாமதிக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழோடு பெற்றோரில் ஒருவர் தம் மைகாட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையை நேரில் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விரல்ரேகை எடுப்பார்கள். முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் குடியுரிமை இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளைகளும், பிறப்பே பதியப்படாத பிள்ளைகளும் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோரின் திருமணம் பதியப்படாமல் போனதுதான் பல வழக்குகளில் வேர். பிள்ளை வகுப்பில் உட்கார முடிகிறதே என்று இதைத் தள்ளிப் போடுகிறார்கள். தேர்வுப் பதிவு, மேற்கல்வி, வங்கிக் கணக்கு, வேலை என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் கதவு மூடுகிறது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் சிறார்களுக்காக விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு, முடிவு வரப் பல ஆண்டுகளும் ஆகலாம். 13 வயதில் தொடங்குவதற்கும் 17 வயதில் தொடங்குவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

ஊசி, புத்தகம், பணம்

13 வயது மாணவிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 2010 முதல் பள்ளிகளில் இலவசமாகப் போடப்படுகிறது. படிவம் 3 மாணவர்களுக்கு இசிவு நோய்க்கான ஊசி. இரண்டுக்கும் பெற்றோரின் அனுமதிப் பாரம் தேவை. பாரம் வராவிட்டால் பிள்ளை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்படும். எச்பிவி ஊசியைத் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளப் பல நூறு ரிங்கிட் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூல்கள் இரவல்தான். 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் கிடைக்கின்றன. தொலைத்தால் ஈடு கட்ட வேண்டும். மழைக்காலம் வரும்முன் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பது நல்லது. ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கப்படும் 150 ரிங்கிட் உதவித்தொகை 2023 முதல் வருமான வேறுபாடின்றி எல்லாருக்கும் உரியது. இன்னும் பெறாதவர்கள் பள்ளி அலுவலகத்தில் கேட்கலாம். வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் குடும்பங்கள் பள்ளி மாற்றத்தை இப்போதைய பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். புதிய பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்பதை இடம் உறுதியாகும்முன் கேட்டு வையுங்கள்.

படிவம் 3

அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு 2020-இல் போய்விட்டது. இப்போது படிவம் 4-க்குப் பாடத் தொகுப்புகள். எந்தப் பள்ளியில் எந்தத் தொகுப்பு என்பது அங்குள்ள ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடத்தையும் பொறுத்தது. ஆகவே அண்ணன் எடுத்தது தம்பிக்கும் கிடைக்கும் என்று இருக்கக் கூடாது. விளக்கக் கூட்டத்துக்குப் பெற்றோரில் ஒருவராவது போக வேண்டும். போனால் மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள்: பிள்ளை நினைக்கும் படிப்புக்குக் கூடுதல் கணிதம் தேவையா? தொகுப்போடு தமிழ்மொழியையும் சேர்க்க முடியுமா? பிறகு மனம் மாறினால் எந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்ளலாம்? இரண்டாவது கேள்விக்கு அங்கே யாரும் உடனே விடை சொல்லாவிட்டால், ஆலோசனை ஆசிரியரின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, அந்த வாரமே மறுபடியும் போய்ப் பாருங்கள்.