விடுதற்கரிய மாத்திரை

மனக்கலக்கமும் உறக்கமின்மையும் மாந்தருக்குப் புதியன அல்ல. அவற்றைப் போக்க மருந்து தேடியதும் புதிதன்று. கள்ளும் அபினும் பன்னூறு ஆண்டுகள் அப்பணியைச் செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைடு உப்புகள் வந்தன. 1903ஆம் ஆண்டில் ஜெர்மானியரான எமில் ஃபிஷரும் யோசெஃப் ஃபான் மெரிங்கும் பார்பிட்டால் என்னும் பொருளின் உறக்கமூட்டும் ஆற்றலை உலகுக்கு அறிவித்தனர். அதன் வழிவந்த பார்பிச்சுரேட் மாத்திரைகளே அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் மேலைநாட்டுப் படுக்கையறைகளை ஆண்டன எனலாம். இவ்வரிசையில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். புதிய மருந்து ஒவ்வொன்றும், தனக்கு முந்தியதன் குற்றம் தன்னிடம் இல்லை என்னும் உறுதிமொழியோடுதான் அரங்கேறியது. அவ்வுறுதிமொழியின் மெய்ம்மை விளங்குவதற்கோ ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

பார்பிச்சுரேட்டின் குற்றங்கள் இரண்டு. அளவு மிகுந்தால் மூச்சை நிறுத்திவிடும் என்பது ஒன்று. 1962இல் ஹாலிவுட் நடிகை மரிலின் மன்றோவின் உயிரைக் கொண்டதும் இம்மருந்தின் மிகையே. மற்றது அவ்வளவாக வெளியில் தெரியாதது. நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகும் என்பதே அது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில், சிறைவாசிகளைக் கொண்டு ஹாரிஸ் இஸ்பெல் என்னும் ஆய்வாளர் நடத்திய சோதனை 1950இல் இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. கைதிகளைச் சோதனைப் பொருளாக்கிய அம்முறை இன்று எவராலும் ஒப்பத்தக்கதன்று. ஆயினும் அதிலிருந்து கிடைத்த அறிவு தெளிவானது. உட்கொள்ளும்போது மட்டுமன்றி, விடும்போதும் மருந்து தீங்கு செய்யலாம். பின்னர் நடந்தவற்றை நோக்குங்கால், 1950இலேயே இது தெரிந்திருந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

1955ஆம் ஆண்டில் மில்டவுன் என்னும் மனஅமைதி மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பெரும் பொருளை ஈட்டியது. அதற்குப் போட்டியாக ஒன்றைப் படைக்குமாறு, நியூஜெர்சி மாநிலத்தின் நட்லி என்னும் ஊரிலிருந்த ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் தன் வேதியியலறிஞர் லியோ ஸ்டெர்ன்பாக்கைப் பணித்தது. அவர் போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் பயின்ற யூதர். 1941இல் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்தவர். இளமையில் சாயப்பொருள்களுக்காகத் தாம் ஆராய்ந்த ஒரு வேதிக்குடும்பத்தையே அவர் மீண்டும் கையிலெடுத்தார். ஏறத்தாழ நாற்பது பொருள்களைச் செய்து பார்த்தும் ஒன்றும் பயன்தரவில்லை. நிறுவனமும் வேறு வேலையைப் பார்க்குமாறு கூறிவிட்டது. 1957இல் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்தபோது, சோதிக்கப்படாமல் கிடந்த படிகம் ஒன்று உடன்பணியாளர் ஏர்ல் ரீடரின் கண்ணில் பட்டது. எறியப்பட வேண்டியதைச் சோதனைக்கு அனுப்பினர். முரட்டுக் குரங்குகளும் அதனை உண்டு சாதுவாயின, ஆனால் உறங்கிவிடவில்லை. அதுவே லிப்ரியம் என்னும் பெயரோடு 1960இல் கடைக்கு வந்தது. அதனினும் ஆற்றல் மிக்க உடன்பிறப்பு 1963இல் வந்தது. நலமாயிருத்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு வேலியம் என்று பெயரிட்டனர். பென்சோடயசெபீன் எனப்படும் குடும்பத்தின் தோற்றம் இதுவே.

இம்மருந்துகளை வெறும் வணிகச் சூழ்ச்சி என ஒதுக்குவது நேர்மையாகாது. ஓயாத வலிப்பை நிறுத்தவும், மதுப்பழக்கத்தை விடுவோரைக் காக்கவும், அறுவை மருத்துவத்திற்கு முன் அச்சந் தணிக்கவும் இவை இன்றும் உயிர்காக்கும் கருவிகளாக விளங்குகின்றன. வேறெதனோடும் கலவாமல் தனியே மிகையாக உண்டாலும், பார்பிச்சுரேட்டைப்போல் எளிதில் உயிரைப் போக்குவதில்லை. முதற்குற்றம் பெரும்பாலும் நீங்கியது என்பது உண்மையே. இரண்டாவது குற்றமும் நீங்கிவிட்டதாக எண்ணியதே பிழை.

அப்பிழையைக் காட்டும் சான்று உடனே கிடைத்தது என்பதுதான் வியப்பு. லியோ ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், மிகுந்த அளவில் சில திங்கள் லிப்ரியம் பெற்றுவந்த 11 நோயாளிகளுக்கு, அவர்கள் அறியாவண்ணம் மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுத்தார். பதின்மருக்குப் புதிய துன்பங்கள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அவ்வலிப்பும் மறுநாளே வந்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்தே வந்தது. உடலை விட்டு மெல்ல நீங்கும் மருந்தாதலின், அதன் பழியும் காலந்தாழ்த்தே வெளிப்பட்டது. இவ்வாய்வு 1961இல், அதாவது லிப்ரியம் விற்பனைக்கு வந்த மறு ஆண்டிலேயே, அச்சேறியது. மருத்துவ உலகம் அதனைப் படித்தது. கொடுத்தது மிகப்பெரிய அளவு, வழக்கமான அளவில் அச்சமில்லை என்று அமைதி கொண்டது.

வேலியத்தின் பரவல் அதன்பின் கட்டுக்கடங்கவில்லை. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிகுதியாக எழுதித்தரப்பட்ட மருந்து அதுவே. 1978ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 230 கோடி மாத்திரைகள் விற்றன. பெற்றவருள் ஆடவரைவிடப் பெண்டிர் ஏறத்தாழ இருமடங்கினர். கணவனை இழந்த துயரம், பிள்ளைப்பேற்றின் களைப்பு, வேலையிடத்துத் தொல்லை ஆகிய அனைத்திற்கும் ஒரே மாத்திரை போதும் என்ற நிலை உண்டாயிற்று. சில வாரங்களுக்கென்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டது. மருத்துவரின் அறைக்குள் செல்லாமலே மருந்துச்சீட்டு புதுப்பிக்கப்பட்டது.

விடுவது ஏன் அரிதாகிறது? மூளையின் கிளர்ச்சியை அடக்கும் இயற்கைப் பொருள் ஒன்று உண்டு. காபா என அதனை வழங்குவர். பென்சோடயசெபீன் அதன் குரலைப் பெரிதாக்கித் தருகிறது. 1977இல் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் மூளையில் இம்மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களைக் கண்டறிந்தனர். நாள்தோறும் மருந்து வருமாயின் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காபாவிற்குச் செவிசாய்க்கும் திறன் குறைகிறது. அந்நிலையில் மருந்தைத் திடீரென எடுத்துவிட்டால், தடைக்கட்டை இழந்த வண்டி மேட்டிலிருந்து உருள்வது போன்ற நிலை நேர்கிறது. உறக்கம் அறவே போய்விடுகிறது. விளக்கொளி கண்ணைக் குத்துகிறது. கதவு சாத்தும் ஓசை இடியாகக் கேட்கிறது. தோலின்மேல் பூச்சிகள் ஊர்வதாகவும், நிற்கும் தரை அலைபோல் அசைவதாகவும் சிலர் உணர்கின்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, காரணமற்ற பேரச்சம் நெஞ்சைக் கவ்வுகிறது. உட்கொள்வோர் அனைவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நேர்வோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை.

அச்சத்திற்காக மருந்துண்டவர் அதனை நிறுத்தியபின் முன்னினும் கொடிய அச்சத்தோடு மருத்துவரிடம் திரும்பி வருகிறார். மருத்துவர் என்ன நினைப்பார்? பழைய நோய் மீண்டுவிட்டது, மருந்து தேவையே என்றுதான் முடிவு செய்வார். மருந்தும் மீண்டும் தொடங்கப்படும்; அச்சமும் தணியும்; தணிந்ததே அம்முடிவுக்குச் சான்றாகிவிடும். 'இது என் பழைய நோய் அன்று, வேறொன்று' என்று நோயாளி சொன்னால், மனநோயாளி சொல்லுக்கு என்ன மதிப்பு? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பிழை திருத்தப்படாமற் போனதற்கு வணிகத்தின் ஆசையைவிட இந்த மயக்கமே பெரிய காரணம் எனக் கருதலாம்.

இம்மயக்கத்தின் எல்லை 1980இல் பிரிட்டனில் காணப்பட்டது. மருந்துகளை மறுஆய்வு செய்த அரசுக் குழு ஒன்று, 1960 முதல் 1977 வரை அந்நாட்டில் பென்சோடயசெபீனுக்கு அடிமையானோர் 28 பேர் என மதிப்பிட்டது. கோடிக்கணக்கில் மருந்துச்சீட்டுகள் எழுதப்பட்ட நாட்டில் இருபத்தெண்மர்! மறு ஆண்டே, லண்டன் உளமருத்துவக் கழகத்தைச் சேர்ந்த மால்கம் லேடரும் அவருடைய துணையாய்வாளரும், வழக்கமான அளவில் நெடுநாள் மருந்துண்ட 16 பேரை ஆராய்ந்து, நிறுத்தியபோது அனைவருமே ஏதேனும் ஒரு வகையில் துன்புற்றதை வெளியிட்டனர். பெரிய அளவில்தான் அச்சம் என்ற பழைய ஆறுதல் அத்துடன் நிலைகுலைந்தது.

அமெரிக்காவில் இவ்வுண்மை வேறு வழியில் வெளிப்பட்டது. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கோர்டன், மருத்துவரின் சொற்படி வேலியத்தை ஒரே நாளில் நிறுத்தி, மனம் சிதைந்து மருத்துவமனை புகுந்த தம் வரலாற்றை 1979இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் தலைமையில் செனட் துணைக்குழு வேலியத்தைப் பற்றி விசாரணை நடத்தியது.

இவ்வரலாற்றில் தனித்து எண்ணத்தக்கவர் ஹெதர் ஆஷ்டன் என்னும் அம்மையார். அவர் 1929இல் இந்தியாவின் டேராடூன் நகரில் பிறந்தவர். தந்தையார் ஹாரி சாம்பியன் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய புகழ்பெற்ற வனவியலறிஞர். ஆக்ஸ்போர்டில் மருத்துவம் பயின்ற ஆஷ்டன், நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1982இல் அந்நகரில் பென்சோடயசெபீனை விட விரும்புவோர்க்கென ஒரு கிளினிக்கைத் தொடங்கி, 1994 வரை நடத்தினார். அங்கு வந்தவர் ஏறத்தாழ 300 பேர்.

அவர் செய்தது மிக எளியது. வந்தவர்கள் சொன்னதை உண்மையென்று கொண்டு, உட்கார்ந்து கேட்டார். தரை அசைகிறது என்று ஒருவர் சொன்னால் எழுதிக்கொண்டார். வேறு ஊரிலிருந்து வந்த, முன்னவரை அறியாத மற்றொருவரும் அதனையே சொன்னபோது இரண்டையும் ஒப்பிட்டார். இவ்வாறு சேர்ந்த குறிப்புகளிலிருந்தே அவருடைய முறை பிறந்தது. விரைவில் உடலை விட்டு நீங்கும் மாத்திரைகளை உண்போரை, மெல்ல நீங்கும் டயசெபாமுக்கு, அதாவது வேலியத்திற்கே, படிப்படியாக மாற்றினார். பின்னர் ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, இருக்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார். ஆண்டுக்கணக்கில் உண்டவர் விடுவதற்குப் பல திங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும் ஆயிற்று. எவ்வளவு விரைவாகக் குறைப்பது என்பதை நோயாளியே முடிவு செய்தார். மருத்துவர் உடனிருந்து துணைசெய்தார். திடீரென நிறுத்துவதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை. வந்தோருள் மிகப்பெரும்பாலோர் மருந்தை விட்டனர். 1999இல் தம் முறையைச் சிறுநூலாக எழுதிப் பொதுமக்களுக்கும் கிடைக்கச் செய்தார். தமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதியைக் கற்பித்தவர்கள் அந்நோயாளிகளே என்று அவர் அதில் நன்றியோடு குறிப்பிட்டது பேராசிரியர்களிடம் அரிதாகக் காணப்படும் பண்பு.

1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரலாகாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இருபத்தெண்மர் என்று சொல்லி எட்டே ஆண்டுகள். அந்நாட்டில் ஏறத்தாழ 14,000 பேர் மருந்து நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அரசின் சட்ட உதவிப்பணம் நிறுத்தப்பட்டதால், 1990களின் நடுவில் அவ்வழக்குகள் விசாரணைக்கே வராமல் முறிந்தன. சிங்கப்பூரிலும் சுகாதார அமைச்சு 2008இல் இம்மருந்துகளை எழுதித்தருவதற்கு நெறிமுறைகளை வகுத்தது.

பென்சோடயசெபீனின் பெயர் கெட்ட அதே காலத்தில், 1988இல், அமெரிக்கச் சந்தைக்குப் புரோசாக் வந்தது. அதனைத் தொடர்ந்து வந்த மனச்சோர்வு மருந்துகளுக்கும் அடிமைப்படுத்தும் குற்றம் இல்லை என்றே சொல்லப்பட்டது. மேலும் மேலும் அளவைக் கூட்டும் வேட்கையை அவை எழுப்புவதில்லை என்பது மெய்யே. ஆனால் விடும்போது தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்ததுபோல் தலைக்குள் அதிர்வும், அழுகையும் வருவதாகப் பலர் முறையிட்டனர். அதற்கு 'நிறுத்த அறிகுறி' என்று மென்மையான பெயர் சூட்டப்பட்டது. ஓரிரு வாரத்தில் தானே தீரும் என்றும் கூறப்பட்டது. பிரிட்டனின் அரச உளமருத்துவர் கல்லூரி, சிலருக்கு அது கடுமையாகவும் நெடுங்காலமும் நீடிக்கலாம் என 2019இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகிய இருவரும், கடைசிச் சிற்றளவுகளைக் குறைக்கும்போதே மூளையில் பெரிய மாறுதல் நேர்கிறது, ஆதலின் இறுதிப் படிகள் மிகச் சிறியனவாக இருத்தல் வேண்டும் என்று விளக்கினர். ஹோரோவிட்ஸ் தாமே உளமருத்துவர்; தாமே அம்மருந்தை விட முயன்று அல்லலுற்றவர். தாம் கற்ற பாடநூல்களில் கிடைக்காத வழியை, நோயாளிகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட அனுபவங்களிலிருந்தே அறிந்ததாக அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

ஹெதர் ஆஷ்டன் 2019 செப்டம்பரில், தம் தொண்ணூறாம் வயதில், நியூகாசிலில் காலமானார். அதற்கு ஓராண்டு கழித்து, 2020 செப்டம்பரில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், உடல் சார்ந்திருக்கும் நிலை பற்றியும் விடும்போது நேரும் தீங்குகள் பற்றியும் பென்சோடயசெபீன் மருந்துகள் அனைத்தின் விவரத்தாளிலும் கட்டமிட்டு எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது. ஹாலிஸ்டரின் பதினொரு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்து அப்போது 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.