இசைத்தட்டில் ஒரு வரலாறு

நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் ஹிப்-ஹாப் இசை பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆகியுள்ளது. 1975-இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பாட்ரிக் டவுதிட், வரலாற்று ஆசிரியராகும் எண்ணத்துடன் நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம் புகுந்தார். படிப்பை முடிக்காமலே இசையில் இறங்கினார். ‘நைன்த் ஒண்டர்’ என்னும் பெயருடன், பழைய இசைத்தட்டுகளின் சிறு துண்டுகளைக் கணிப்பொறியில் வெட்டிக் கோத்துப் புதிய பாட்டுகளுக்கு இசையமைத்தார். 2003-இல் வெளிவந்த ஜே-சியின் ‘பிளாக் ஆல்பம்’ தொகுப்பிலும் அவரது இசை இடம்பெற்றது.

இது பிறர் சொத்தைக் கவர்வதன்றோ எனச் சிலர் ஐயுறலாம். மூலப் பாடகரை மறந்தால் அவ்வையம் நியாயமே. டவுதிட் மறக்கவில்லை. பட்டம் பெறாத அவரை அதே பல்கலைக்கழகம் 2007-இல் ஆசிரியராக அழைத்தது. பின்னர் டியூக்கிலும் கற்பித்தார். 2012-இல் ஹார்வர்ட் சென்று, சிறந்த ஹிப்-ஹாப் தொகுப்புகளுக்குத் துண்டளித்த மூல இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டலானார்.