பாக்குமட்டைச் சவாரி

செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்குப் பனிச்சறுக்கல் ஏது? மார்கழிப் பனி தலைத்துண்டை நனைப்பதோடு சரி. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டின்மேல் உட்கார்ந்தே பனிமேட்டில் சறுக்குவார்களாம். 'டோபாகன்' என்ற சறுக்குப்பலகையும் ஆதியில் விளையாட்டுச் சாமானல்ல. வட அமெரிக்கப் பழங்குடிகள் அதில்தான் சுமை இழுத்தார்கள்.

எங்கள் கல்லூரி நாட்களில் வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குமட்டையே வாகனம். பனிக்குப் பதில் சேலத்து வெள்ளைக்கல் குவியல். வெள்ளைக்காரன் இக்குன்றுகளைச் 'சாக் ஹில்ஸ்' என்றான். சாக்கட்டியா அது? எஃகு உலைக்குச் சூடு தாங்கும் செங்கல் செய்கிற மாக்னசைட்!

ஒருநாள் நான் சறுக்கி இறங்க, கூடையோடு ஏறி வந்த கிழவி ஒதுங்கி நின்றாள்.

"பாத்து சாமி! சரிஞ்சா மறுபடி நாங்கதான் சொமக்கோணும்."

மட்டையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன்.